‘உப்பு’ பார்க்கும் டாக்டராக எத்தனை ஆண்டு?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். எம்.பி.பி.எஸ். முடித்து இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) நான்கு ஆண்டு டயாலிசிஸில் இருந்து காலமானார். அப்போதிருந்து நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவம்) படிக்க வேண்டும் என்று ஆசை. எத்தனை ஆண்டு ஆகும்? என்னென்ன தேர்வுகள்? எம்.டி.யில் பொது மருத்துவமா, குழந்தை மருத்துவமா? கார்டியாலஜி கிடைக்காதவர்கள்தான் நெஃப்ராலஜிக்குப் போவார்கள் என்று சீனியர்கள் சொல்வது உண்மையா? படித்துவிட்டு எங்கள் பக்கமே வந்து வேலை செய்ய முடியுமா, அம்மிணிக்கு இது சரிப்படுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்:

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அதற்குத்தான் காத்திருப்பார்கள். உங்களுக்கு ஐந்தரை ஆண்டு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அடுத்து எம்.டி. மூன்று ஆண்டு, அதன்மேல் உயர் சிறப்புப் படிப்பான டி.எம். நெஃப்ராலஜி மூன்று ஆண்டு. எங்கும் கால் வழுக்காமல் ஏறினால் இன்னும் ஆறு ஆண்டு. யாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதுவது, அரசு இடத்தில் படித்தால் ஒப்பந்தப்படி செய்து தீர்க்க வேண்டிய பணிக்காலம் என்று நடுவில் இரண்டு மூன்று ஆண்டு கரைந்துவிடும். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்து வந்து ஒட்டும்போது முப்பத்திரண்டு வயது ஆகியிருக்கும். எனக்கு முப்பத்து நான்கு ஆகியிருந்தது. என்னோடு பத்தாம் வகுப்புப் படித்தவன் அதற்குள் திருப்பூரில் இரண்டு பனியன் கம்பெனி தொடங்கி, ஒன்றை மூடியும்விட்டான்.

வீட்டில் இன்னொன்றையும் இப்போதே விளக்கிவிடுங்கள். நெஃப்ராலஜிஸ்ட் கல் எடுப்பவர் இல்லை. கல், அடைப்பு, புராஸ்டேட், அறுவை எல்லாம் யூராலஜி, அதற்கு எம்.எஸ். அறுவை சிகிச்சை படித்து எம்.சிஹெச். போக வேண்டும். இருபது ஆண்டாக ஈரோட்டில் இருக்கிறேன், இன்றும் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் ஸ்கேனை எடுத்து ‘எட்டு மில்லிமீட்டர் கல்’ என்று காட்டுகிறார். நமக்கு வருகிறவர்கள் வேறு. கால் வீக்கம், சிறுநீரில் நுரை, அடங்காத ரத்தக்கொதிப்பு, பசியின்மை, பிறகு ‘ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது’ என்ற சீட்டு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவையும் கிரியேட்டினினையும் நம் மக்கள் உப்பு என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் அப்பிச்சிக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல் ஒரு குழப்பத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. சோற்றில் உப்பைக் குறைத்தால் ரத்தத்து உப்பு இறங்கிவிடும் என்று நினைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டு உப்பில்லாத ரசத்தை மட்டும் குடித்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வருவார்கள். சமையல் உப்பைக் குறைப்பது நல்லதுதான், ரத்தக்கொதிப்புக்கு. கிரியேட்டினின் வேறு கதை. இதை ஒரு நாளைக்கு இருபது முறை, இருபதாவது முறையும் கோபமில்லாமல் சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சீனியர்கள் சொல்வது பாதி உண்மை. கலந்தாய்வில் இதயம், குடல் என்று போன பிறகுதான் பலர் சிறுநீரகத்துக்கு வருகிறார்கள். ஒரே நாளில் அடைப்பை எடுத்து மறுநாள் நோயாளியை நடக்கவைத்து அனுப்பும் மினுமினுப்பு நம்மிடம் இல்லை. நம் நோயாளி குணமாகிப் போய்விடுவதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் நம்மிடமே வருவார். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும், கிணற்றில் தண்ணீர் வற்றியதும், மஞ்சள் விலை இறங்கியதும் நமக்குத் தெரியும். இறுதியில் ஒருநாள் அந்தக் கட்டில் காலியாக இருக்கும். பலரை இந்தத் துறையிலிருந்து விரட்டுவது இதுதான், என்னைப் போன்ற சிலரை இழுத்ததும் இதுதான். ரேங்க் குறைந்ததால் வந்து மாட்டிக்கொண்டவர் இரண்டாம் ஆண்டிலேயே முகத்தில் தெரிவார். டெக்னீசியன்கள் முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் துறை தேங்கிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் படித்தபோது சர்க்கரை நோயால் கெடும் சிறுநீரகத்துக்குக் கையிலிருந்த மருந்துகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரகம் கெடும் வேகத்தையே குறைக்கின்றன என்று 2019 முதல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் இருந்தது. 2020இல் அந்த மருந்தின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததும் விலை சடசடவென்று இறங்கியது. பவானியில் தறி ஓட்டுகிறவருக்கும் இன்று அதை எழுதித்தர முடிகிறது. டயாலிசிஸ் வரை போகாமல் ஒருவரைப் பத்து ஆண்டு நிறுத்திவைப்பதில் கிடைக்கும் திருப்தியைப் பற்றி யாரும் ரீல்ஸ் எடுப்பதில்லை.

இனி தேர்வுகள். எம்.டி.க்கு நீட் பி.ஜி. என்பது உங்களுக்கே தெரியும். பொது மருத்துவமா, குழந்தை மருத்துவமா என்றால், விதிப்படி இரண்டிலிருந்தும் டி.எம். நெஃப்ராலஜிக்கு வரலாம். குழந்தைகளின் சிறுநீரகத்தை மட்டும் பார்க்க விருப்பம் இருந்தால் ஒழிய, பொது மருத்துவத்தையே எடுங்கள். சிறுநீரக நோயாளி என்பவர் பெரும்பாலும் சர்க்கரை, இதயம், நுரையீரல், தொற்று எல்லாம் சேர்ந்த மூட்டை. தனியார் மருத்துவமனைகளில் நடக்கும், எம்.டி.க்கு இணையான டி.என்.பி. பொது மருத்துவமும் அதே கதவைத் திறக்கும். அங்கே சேர்வதாக இருந்தால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: இரவில் வார்டில் முடிவெடுப்பது மாணவரா, அல்லது மாணவர் வெறும் எழுத்தரா?

எம்.டி.க்குப் பிறகு நீட் எஸ்.எஸ்., அதாவது டி.எம். போன்ற உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு. என் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகத் தேர்வு வைத்தது. நீலகிரி எக்ஸ்பிரஸில் ஈரோட்டில் ஏறிச் சென்னை, அங்கிருந்து டெல்லி, பிறகு சண்டிகர், திரும்பி வந்து வேலூர், புதுச்சேரி என்று ஒரு வருடம் முழுக்க ரயில் பெட்டியில் படித்தேன். முதல் முறை எங்கும் கிடைக்கவில்லை. 2017இலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே தேர்வாகிவிட்டது. மருத்துவப் பிரிவை எழுதுகிறவர்களுக்கு இப்போது கேள்விகள் பொது மருத்துவம் முழுவதிலிருந்தும் வருகின்றன. 2021இல் இந்த மாற்றத்தைத் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது அறிவித்து, உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்கள். அந்த மாற்றம் பற்றி அன்று எல்லோரும் கொதித்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சிறுநீரகத்தை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு நெஞ்சுவலியைக் கண்டு திகைக்கும் நெஃப்ராலஜிஸ்ட் யாருக்கும் உதவமாட்டார். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற தேசிய நிறுவனங்களுக்கு மட்டும் ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்று தனித் தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை. இரண்டையும் எழுதுங்கள். தனியார் மருத்துவமனைகளில் இருக்கும் டி.ஆர்.என்.பி. இடங்களும் நீட் எஸ்.எஸ். வழியாகவே நிரம்புகின்றன, அதுவும் மூன்று ஆண்டுதான், டி.எம்.முக்குக் குறைந்ததில்லை.

நம் மாநிலத்தில் இன்னொரு பாதை இருக்கிறது. நகரத்துப் பிள்ளைகள் அதை இளக்காரமாகப் பார்ப்பார்கள், நீங்கள் பார்க்காதீர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி அரசுப் பணியில் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராக இருந்துகொண்டே மேற்படிப்புக்குப் போவது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் 50 சதவீதத்தை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கி 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 மார்ச்சில் அந்த ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடத்த அனுமதி கிடைத்தது. தாளவாடியிலோ அந்தியூர் பக்கமோ இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்தால் ஆண்டு வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோய் எப்படிச் சிறுநீரக நோயாகிறது என்பதை அங்கேதான் முதல் படியிலிருந்து பார்க்க முடியும். பெரிய மருத்துவமனைக்கு வருவது கடைசிப் படி.

எம்.டி. மூன்று ஆண்டில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி அதுதான்.

நான் எம்.டி. இரண்டாம் ஆண்டு. ஒரு இரவு, கரும்பு வெட்டும் ஆள் ஒருவர் உடல்வலி, வாந்தி என்று வந்தார். காலில் ஒரு கீறல் இருந்தது, கரும்புத் தோகை கிழித்தது என்றார். கூட்டம். வலிக்கு ஊசி போட்டு, மாத்திரை எழுதி அனுப்பினேன். மறுநாள் மாலை ஈறில் ரத்தக் கசிவோடும், சொட்டுச் சிறுநீர்கூட இல்லாமலும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி விரியன். அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைச் சுருட்டிவிடும். ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. முதல் இரவே அதைச் செய்திருந்தால் விஷமுறிவு மருந்து உரிய நேரத்தில் ஏறியிருக்கும். போதாததற்கு நான் போட்ட வலி ஊசியும் சிறுநீரகத்துக்கு ஆகாதது. மூன்று வாரம் டயாலிசிஸ் செய்து அந்த மனிதர் பிழைத்தார். சிறுநீர் திரும்ப வந்த அன்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வார்டு முழுக்கக் காட்டினார். என்னிடமும் காட்டினார். நான் செய்த தவறு அவருக்குத் தெரியாது. நெஃப்ராலஜி என்று நான் முடிவெடுத்தது அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான்.

ஆகவே எம்.டி.யில் வார்டை விடாதீர்கள். கொங்குப் பகுதியின் மருத்துவ வார்டு சிறுநீரகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம். விரியன் கடி, எலிக்காய்ச்சல், பூச்சிமருந்து, முடிச்சாயம் குடித்துத் தசைகள் சிதைந்து கறுத்த சிறுநீரோடு வருகிறவர்கள், மூட்டுவலிக்கு ஆண்டுக்கணக்கில் மெடிக்கலில் தானே வாங்கி விழுங்கிய மாத்திரை என்று ஒவ்வொன்றும் ஒரு பாடம். நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கும்போது குரலில் குற்றச்சாட்டு இருக்கக் கூடாது. இருந்தால் உண்மை வராது. பாதரசம் கலந்த சில மரபு மருந்துகளுக்கும் சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவகை நோய்க்கும் உள்ள தொடர்பை வேலூரிலிருந்து வந்த ஆய்வு எடுத்துக்காட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட நோயாளிகள் பலருக்கு அந்த மருந்தை நிறுத்தியதுமே நோய் அடங்குகிறது. பொட்டலத்தை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள், மரியாதையாகக் கேட்டால் கொண்டுவருவார்கள்.

இன்னொரு பழக்கம். சிறுநீரை நீங்களே மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். லேபிலிருந்து வரும் ‘சில சீழ் செல்கள்’ என்ற ஒரு வரியை நம்பி எம்.டி. முடித்தவர்கள் ஏராளம். இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து ஏறத்தாழ இருபது லட்சம் வடிகட்டிகள் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடித்து, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. உள்ளே நடப்பதற்கெல்லாம் அந்த ஒன்றரை லிட்டரில் சாட்சி இருக்கிறது. சிவப்பணுக்கள் கோத்த வார்ப்பு ஒன்று, அதாவது சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் உறைந்து அதே வடிவில் வந்த துணுக்கு, கண்ணில் பட்டால் அன்றே பயாப்ஸி, அன்றே மருந்து. லேப் சீட்டுக்குக் காத்திருந்தால் ஒரு வாரத்தில் அந்தச் சிறுநீரகம் போய்விடலாம்.

டி.எம். முதல் ஆண்டு தூக்கமில்லாத ஆண்டு. அதை மென்று விழுங்காமல் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறலோடு வருகிறவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டு, மிஷினில் ஏற்றி, நீர் இறங்கி அவர் படுக்க முடிகிற வரை நிற்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மறுநாள் இன்னும் மோசம். பண்டிகைக்காக ஒருமுறை டயாலிசிஸைத் தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் ஒன்றாக வந்து இறங்குவார்கள். பண்ணாரி அம்மன் கோயில் தீமிதிக்குப் போனேன் என்று ஒருவர், அக்கா வீட்டு மொய் விருந்து என்று ஒருவர். திட்டலாம். திட்டிக்கொண்டே கதீட்டர் போடலாம்.

இதில் இளநீருக்கு ஒரு தனிப் பத்தி தேவை. பொள்ளாச்சிப் பக்கம் வந்தவர்களிடம் சொல்லும்போது எனக்கே வாய் கூசுகிறது. உடம்பு சூடு, நீர்க்கடுப்பு, மயக்கம் எதற்கும் நம் ஊரில் முதல் மருந்து இளநீர். அதில் பொட்டாசியம் மிக அதிகம். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. தேங்கிய பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். பார்க்க வந்த உறவினர் அன்போடு வெட்டிக்கொடுத்த இரண்டு இளநீரால் இசிஜி கோடு கூடாரம் கூடாரமாக எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். உணவுப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பு எவ்வளவு, கீரையை வேகவைத்து நீரை வடிக்கலாமா, கம்மங்கூழ் ஆகுமா என்று அந்த வீட்டுச் சமையலறை மொழியில் பேச வேண்டும். டெல்லியில் படித்துவிட்டு வந்தவர் இதை இங்கே வந்து புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அப்பிச்சி வீட்டிலேயே கற்றுக்கொடுத்திருப்பார்.

படிப்பில் யாரும் சொல்லித்தராத ஒன்று தண்ணீர். ஒரு டயாலிசிஸில் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் திரவம் நோயாளியின் ரத்தத்துக்கு மறுபக்கம், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் ஓடுகிறது. நம் ஊர் போர்வெல் தண்ணீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். குழாய்த் தண்ணீரில் குளோரின். அது சுத்திகரிப்பு ஆலையைத் தாண்டி வந்துவிட்டால் சிவப்பணுக்கள் உடையும். யூனிட்டில் ஒரே நாளில் நாலைந்து பேருக்குக் குளிர் நடுக்கம் வந்தால் முதலில் நோயாளியைப் பார்க்காமல் ஆர்.ஓ. அறைக்கு ஓடுகிறவரே அனுபவசாலி. பாதி டாக்டர், பாதி பிளம்பர் என்று என் ஆசிரியர் சொல்வார். டெக்னீசியனை அண்ணா, அக்கா என்று அழைத்து மிஷினைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். டி.எம். மாணவர் என்ற கெத்து அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும்.

மாற்றுச் சிறுநீரகம் இரண்டாம் ஆண்டிலிருந்து வரும். வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் நடந்த மாற்று அறுவை சிகிச்சையிலிருந்து தொடங்கினால் இந்தத் துறையில் தமிழ்நாட்டின் வரலாறு நீண்டது. 2008இல் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்த பிறகு, இறந்தவர்களிடமிருந்து உறுப்புப் பெறுவது நம் மக்களுக்குப் பழகிய பேச்சானது. உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு 2023 முதல் அரசு மரியாதை தரப்படுகிறது.

ஆனால் நம் பகுதிக்கு இதில் ஒரு கறை இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் இங்கே நெஃப்ராலஜிஸ்டாக இருக்க முடியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் மறுபடி வெடித்து, உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் வரை போனது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நெருங்கிய உறவினர் தரலாம், உறவில்லாதவர் பாசத்தால் தருகிறார் என்றால் அனுமதிக் குழு விசாரிக்கும். காகிதங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். புரோக்கருக்கு அதுதானே தொழில். நான் இளைஞனாக வேலை பார்த்த ஓரிடத்தில் ‘ஒன்றுவிட்ட தம்பி’ என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தனியாக உட்காரவைத்து, அண்ணனுடைய குலதெய்வக் கோயில் எது என்று கேட்டேன். பங்காளிக்குத் தெரியாமல் இருக்க முடியாத கேள்வி. விழித்தார். கையில் தறிக்காரருக்கே உரிய காய்ப்பு. நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த வேலையும் அதிக நாள் நிலைக்கவில்லை. அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரலாம். பெரும்பாலும் தாயோ மனைவியோதான் தானம் தருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அவர்களையும் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், மனம் ஒப்பித்தான் தருகிறார்களா என்று. மருமகளிடம் மாமியார் இல்லாதபோது கேளுங்கள்.

டி.எம்.முக்கு ஆய்வேடு எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் எளிதில் முடியும் ஒன்றை எடுத்து நூலகத்தில் புதைத்துவிடுவார்கள். நம் பக்கத்துக்காரர் என்பதால் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். நொய்யல் கரையிலிருந்து வரும் நோயாளி ஒவ்வொருவரும் ‘சாயத் தண்ணீர்தான் டாக்டர் என் கிட்னியைத் தின்றது’ என்கிறார். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரலாறு அவருக்கு மனப்பாடம். நான் தலையாட்டுகிறேன், ஆனால் அந்தத் தொடர்பை நிரூபித்ததாகச் சொல்ல மாட்டேன். அதுபோலச் சர்க்கரையும் இல்லாமல், கொதிப்பும் இல்லாமல், வெயிலில் தோட்ட வேலை செய்த நடுவயது ஆண்கள் சுருங்கிய சிறுநீரகத்தோடு வருகிறார்கள். வெப்பமா, நீர் குறைவா, பூச்சிமருந்தா, வலி மாத்திரையா? உலகம் முழுக்க இந்தக் கேள்வி திறந்தே கிடக்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவர் வீடு வீடாகப் போய், ரத்தமும் சிறுநீரும் எடுத்து, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில்: கிடைக்கும். கோவையில் நெஃப்ராலஜிஸ்ட் நிறையப் பேர் இருக்கிறார்கள். தாராபுரம், காங்கேயம், சத்தியமங்கலம் பக்கம் வரவர எண்ணிக்கை மெலிகிறது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் மாற்று அறுவையும் இருப்பதால் ஏழை நோயாளிக்கும் சிகிச்சை எட்டுகிறது. நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். மலைமேல் இருப்பவர்களுக்கு வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பைகளை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பர்கூர் மலையிலிருந்து வாரம் மூன்று முறை பஸ் ஏறி இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கவும், தொற்று வந்தால் போனில் பேசவும் அந்தப் பக்கமே ஒரு டாக்டர் வேண்டும். சம்பளம் கார்டியாலஜி அளவுக்கு வராது, தோட்டத்தை விற்கவும் நேராது. தனியாரில் சேர்ந்தால் மாதம் இத்தனை டயாலிசிஸ் என்று எண்ணிக்கை கேட்கும் நிர்வாகங்களும் உண்டு. முதல் பேச்சிலேயே அந்தக் கேள்வி வந்தால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மிணிக்கு இது சரிப்படுமா என்பதற்கு என்ன சொல்ல? என்னிடம் இப்போது படிக்கும் மூவரில் இருவர் பெண்கள். ஒருவர் குழந்தை பெற்று ஆறு மாத விடுப்பு எடுத்தார்; படிப்பு அதே ஆறு மாதம் நீண்டது, அவ்வளவுதான். கல்யாணத்தை எப்போது வைப்பது என்பது உங்கள் வீட்டு விஷயம். மாப்பிள்ளையிடம் மட்டும் இரவு இரண்டு மணி போனைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அப்பிச்சியைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் கையில் ஃபிஸ்டுலா இருந்திருக்கும், டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம். மணிக்கட்டுக்கு மேலே விரல் வைத்தால் பூனை உறுமுவது போல விர்ரென்று அதிர்வதைத் தொட்டிருப்பீர்கள். அது நின்றுவிட்டதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். துக்கத்திலிருந்து எடுத்த முடிவா, விருப்பத்திலிருந்து எடுத்த முடிவா என்று அறிய ஒரு வழிதான் எனக்குத் தெரியும். உங்கள் பயிற்சிக் காலத்தில் இன்னும் சில மாதங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு, இரண்டு வாரம் டயாலிசிஸ் யூனிட்டில் போய் உட்காருங்கள். முதல் ஷிஃப்ட் பெரும்பாலும் காலை ஆறு மணிக்குத் தொடங்கும்; முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் எடை மிஷின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஊசி குத்துவதற்கு முன்பே போய்விடுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் மறுபடி எழுதுங்கள், எந்தக் கல்லூரிக்கு முதலில் விருப்பம் தெரிவிப்பது என்பதை அப்போது பேசலாம்.